எத்தனை மணிக்கு, எங்கே?

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் 1986இல் நான் கிளினிக் போட்டபோது என்னிடம் இருந்த லேப் என்பது ஒரு ஸ்பிரிட் விளக்கு, நாலைந்து கண்ணாடிக் குழாய்கள், அவற்றைப் பிடிக்க ஒரு மரக்கிடுக்கி, ஒரு பாட்டில் பெனடிக்ட் கரைசல். அவ்வளவுதான். சிறுநீரைக் காய்ச்சித் திரிந்தால் ஆல்புமின். நீலக் கரைசல் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை. அதற்கு மேல் ஏதாவது தெரியவேண்டும் என்றால் ஸ்டான்லிக்குச் சீட்டு எழுத வேண்டும். பழைய ஆட்கள் அப்போதும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

நான் ஸ்டான்லியில் படித்து, ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியில் டி.ஜி.ஓ. முடித்தவள். பிரசவமும் கருப்பையும்தான் என் படிப்பு. சிறுநீர்ப்பையைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஆபரேஷனின்போது அதில் கத்தி பட்டுவிடக் கூடாது என்பதைத்தான். மிச்சத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள் காசிமேட்டிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள்.

நீர்க்கடுப்பு என்று வருகிற யாரும் நேராக டாக்டரிடம் வந்துவிடுவதில்லை. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவியாகியிருக்கும். வெந்தயத்தை மோரில் ஊறவைத்து விழுங்கியாகியிருக்கும். நெருஞ்சிக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் எல்லாம் முடிந்திருக்கும். இவற்றில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் நான் எதுவும் சொல்வதில்லை. அதற்கடுத்து மெடிக்கல் ஷாப்: சிட்ரால்கா ஒரு பாட்டில், நார்ஃப்ளாக்ஸ் நாலு மாத்திரை. முழுக் கோர்ஸுக்குக் காசு இருக்காது. நாலு மாத்திரையில் எரிச்சல் தணிந்ததும் மீதியை வாங்குகிற நினைப்பும் இருக்காது. கிருமித்தொற்றாக இருந்தால் ஒழுங்காக மருந்து கொடுத்ததும் சரியாகிவிடும். அவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

சரியாகாமல் திரும்பத் திரும்ப வந்தவர்கள் வேறு ரகம். சிறுநீர் தெளிவாக இருக்கும். கல்ச்சரில் எதுவும் வளராது. ஸ்கேனில் கல் கிடையாது. ஆனால் அந்தப் பெண் நாற்காலியின் ஓரத்தில்தான் உட்காருவாள். பேசி முடிப்பதற்குள் ஒருமுறை எழுந்து பாத்ரூம் போய் வருவாள். பை நிறைய நிறைய வலி ஏறும், போனால் இறங்கும், கால் மணி நேரத்தில் மறுபடி ஏறும். ராத்திரியிலும் இதே கதை. “ரிப்போர்ட் நார்மலா இருக்கே, உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று பல இடங்களில் கேட்டுவிட்டு வந்திருப்பாள். அந்த வாக்கியத்தை நம்பி, தனக்குத்தான் மனசு சரியில்லை என்று முடிவுகட்டி வந்தவர்களும் உண்டு.

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்கத் தொடங்கிய கேள்வி இதுதான்: நேற்று எழுந்ததிலிருந்து எத்தனை மணிக்குப் போனே, எங்கே போனே?

“எத்தனை தடவை” என்று கேட்டால் “சும்மா சும்மா” என்றுதான் பதில் வரும். மணியையும் இடத்தையும் கேட்டால் ஒரு நாள் முழுசாக வெளியே வரும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. விடிகாலை இரண்டரைக்கு ஏலத்துக்குப் போய்விடுவாள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. ஏலம், ஐஸ், பேரம், வண்டி, பிறகு தெருத்தெருவாக விற்பனை. முதல் தடவை ஒதுங்குவது பகல் பன்னிரண்டுக்கு, வழக்கமாக மீன் வாங்குகிற ஒரு வீட்டுக் கொல்லையில். அந்த வீட்டுக்காரம்மாள் ஊருக்குப் போய்விட்டால் மூன்று மணிக்கு வீட்டில்தான். நடுவில் ஏன் போகக் கூடாது என்று கேட்டேன். “கூடைய உட்டுட்டுப் போனா, திரும்பி வரச்சொல்ல கூடை இருக்குமா டாக்டரம்மா?” என்றாள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் இறால் தடவுகிற பெண்கள் வருவார்கள். வலை, படகு எதுவும் இல்லாமல், பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் குனிந்து கையால் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறவர்கள். நீரோட்டம் இறங்குகிற நேரம்தான் அவர்களுடைய ஷிஃப்ட். வயிற்றுக்குக் கீழே மணிக்கணக்கில் ஈரம், வெளியே வந்தால் மறைவில்லாத சாம்பல் படிந்த கரை. தோல் வெந்து, எரிச்சலோடு வருவார்கள். முதலில் ஈரத்துணியை மாற்றச் சொல்ல வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடக்குவதாலேயே இந்த நாள்பட்ட பை வலி வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். மாடி வீட்டில், பாத்ரூம் ஒட்டின படுக்கையறையில் வாழ்கிறவர்களுக்கும் இது வருகிறது. ஆனால் அடக்கியே தீரவேண்டிய பிழைப்பில் இருக்கிற ஒருத்திக்கு இந்த வலி வந்தால், அவளுடைய பிழைப்புப் போய்விடும். வைத்தியம் பார்க்கிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலோரக் குப்பங்களில் அப்போது கழிப்பறை என்பது மணல்தான். ஆண்களுக்கு எந்த நேரமும். பெண்களுக்கு விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும். பகலெல்லாம் அடக்கல். அந்த மணலும் ஒரு கட்டத்தில் போயிற்று. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வருகிற மணலை மறித்துக்கொள்கிறது. மறித்த மணலால் மெரினா அகலமானது; வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டு போனது. வீடுகள், கோயில்கள், தெருக்கள் என்று வரிசையாக விழுந்தன. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கொட்டித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் கல் வந்த பிறகு என் கிளினிக்கில் கேட்ட புலம்பல் புதுசு: “கல்லு மேல எப்படிக் குந்தறது? வழுக்கி உழுந்தா இடுப்பு போயிடும்.” கடலரிப்பைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. இதை எழுதினவர்களை நான் பார்த்ததில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்ப் பக்கம் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கழிப்பறை வந்தது. ஆனால் மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாட்களில் குடத்தில் சுமக்க வேண்டும்; சுமக்கிறவள் யாரோ அவள்தான் குறைவாகக் குடிப்பாள், குறைவாகப் போவாள். 2019இல் சென்னை முழுக்கத் தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடியபோது மற்ற பேட்டைக்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். எங்கள் பக்கத்தில் அதிர்ச்சி அவ்வளவாக இல்லை.

வலியையும் அடிக்கடி போவதையும் பார்த்ததும் ஒரே பெயரை ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு விம்கோ நகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். இருபதுகளில் இருந்தாள். மெலிந்த உடம்பு, மாலையில் லேசான காய்ச்சல். அரை மணிக்கு ஒருமுறை போகிறாள். சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய, ஆனால் கல்ச்சரில் கிருமி இல்லை. பல இடங்களில் நார்ஃப்ளாக்ஸ், சிப்ரோ என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் தேறுகிறாள், மறுபடி விழுகிறாள். அந்த வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும்; கொல்லாது. அதனால் நோய் ஒளிந்துகொண்டே இருக்கும். சீழ் இருந்து கிருமி வளரவில்லை என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். விடிகாலைச் சிறுநீரைத் தொடர்ந்து மூன்று நாள் எடுத்து அனுப்பினோம். மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் பை நூறு மில்லிகூடக் கொள்ளாத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

காசநோய் மாத்திரை தொடங்கிய மறுநாளே அலறிக்கொண்டு வந்தாள். சிறுநீர் ஆரஞ்சு நிறம். ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்களாம். கேட்கிற நிலையில் அவள் இல்லை. கிருமி செத்தது, சுருங்கின பை விரியவில்லை. மருந்துக் கோர்ஸ் முடித்த பிறகு அரசு ஆஸ்பத்திரியில் குடலில் ஒரு துண்டை எடுத்துப் பையோடு சேர்த்துத் தைத்துப் பெரிதாக்கினார்கள். இப்போது சிபிநாட் பரிசோதனையில் சில மணி நேரத்தில் காசநோய் தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொள்ள, முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொருத்தி, தண்டையார்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனி டெய்லர். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். முப்பது பேருக்கு இரண்டு டோக்கன். அடிவயிற்று வலி என்று போனதற்கு ஒரு நர்சிங் ஹோமில் கருப்பையை எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்து நாலு. தையல் ஆறினது, வலி அப்படியே இருந்தது. இந்தக் கதையை நான் கேட்டது அவளிடம் மட்டும் என்றால் எழுத மாட்டேன். அடிவயிற்றில் வலி என்றால் கருப்பை, கருப்பை என்றால் ஆபரேஷன், அதற்கும் வலி போகவில்லை என்றால் மனசு. வடசென்னையில் எத்தனை பெண்கள் இந்த வழியாக என்னிடம் வந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அவள் புருஷனையும் அழைத்து வரச் சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் வரை போனவளிடம் யாரும் கேட்காத ஒன்றை அவர் வாயால்தான் கேட்க முடிந்தது: சேர்ந்து இருந்தால் மறுநாள் முழுக்க அவளால் எழுந்திருக்க முடிவதில்லை. அவள் விலகிப் போகிறாள் என்று வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் ஒருமுறை வேப்பிலை அடிக்கிறவரிடமும் கூட்டிப்போயிருக்கிறார்.

எனக்கு யூராலஜி படித்த ஒரு சீனியர் இருந்தார். சந்தேகமான கேஸ்களை அவரிடம் அனுப்புவேன். மயக்கம் கொடுத்து, குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, பையைத் தண்ணீரால் மெதுவாக நிரப்பிப் பார்ப்பார். விழித்திருக்கும்போது நூற்றைம்பது மில்லிக்குத் துடிக்கிற பை, மயக்கத்தில் ஐந்நூறுகூட வாங்கும். இந்த டெய்லர் பெண்ணுக்குப் பையின் மேல்சுவரில் ஒரு சிவந்த திட்டு இருந்தது. பை விரியவும் அந்த இடம் வெடித்து ரத்தம் கசிந்தது. அமெரிக்காவில் பால்டிமோரில் கை ஹன்னர் என்ற பெண்நோய் மருத்துவர் 1915இல் எழுதிவைத்த புண் அது. ஒரு பெண்நோய் மருத்துவர்தான் முதலில் எழுதினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சீனியர் அந்த இடத்தை மின்சாரத்தால் பொசுக்கினார். நினைவு தெளிந்து, மயக்கத்தின் களைப்பு போனதும் அவள் தூங்கினாள். ராத்திரி முழுக்கத் தூங்கினாள். ஒன்றரை வருஷம் கழித்து வலி திரும்பியது, மறுபடி பொசுக்கினோம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இரண்டாவது தடவை அவள் உடைந்துபோகவில்லை.

ஆனால் இப்படிப் புண் அகப்படுகிறவர்கள் சிலரே. பெரும்பாலானவர்களுக்குக் கேமராவில் பெரிதாக எதுவும் தெரியாது. பார்க்க நன்றாக இருக்கிற பை, வலிக்கிறது. அங்கேதான் டாக்டர்கள் பொறுமை இழக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது மாத்திரை இல்லை. தினசரிக் காலண்டர். சுவரில் மாட்டி நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிறோமே, அந்தத் தாளின் பின்பக்கம். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு கோடு. பகலானால் மேல்பாதியில், ராத்திரியானால் கீழ்பாதியில். படிக்கத் தெரியாதவர்களும் போடலாம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, நூறு, இருநூறு, முந்நூறு என்று மார்க்கரில் கோடு போட்டுக் கொடுப்போம்; வீட்டில் இருக்கிற நாளில் அளந்து பார்க்க. ஒரு வாரத் தாளை விரித்துவைத்தால் ஸ்கேன் சொல்லாததெல்லாம் சொல்லும். அளவு கொஞ்சம், தடவை நிறைய, ராத்திரியும் அதே என்றால் பை. அளவு நிறைய, தடவையும் நிறைய என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ராத்திரி கோடே இல்லை, பகலில் மட்டும் இருபது என்றால், வேலை இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

மாத்திரையில் நான் அதிகம் நம்பியது அமிட்ரிப்டிலின். ராத்திரி பத்து மில்லிகிராம், அதாவது மிகக் குறைந்த அளவு. மனச்சோர்வுக்காக வந்த மருந்து. இந்த அளவில் வலி நரம்புகளை அமைதிப்படுத்தும், தூக்கமும் தரும். விலையும் மலிவு. வாய் உலரும், காலையில் தலை கனக்கும். ஆரம்பத்தில் ஒரு நாள் ஒரு பெண் அட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் எறிந்தாள். “மெண்டலுக்குக் குடுக்கற மாத்திரையாமே! எனக்கு இன்னா பைத்தியமா?” மெடிக்கல் ஷாப் பையன் சொல்லியனுப்பியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். சாயங்காலம் கிளினிக் முடித்து நானே அந்தக் கடைக்குப் போய், டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் விளக்கினேன். அதன் பிறகு அவன் பேச்சு மாறிவிட்டது: “டாக்டரம்மா நரம்புக்குக் குடுத்திருக்காங்க, ராத்திரி மட்டும் போடணும், பஸ்ஸுல தூங்கிறாதீங்க.” என் நோயாளிகளில் பாதிப் பேரைத் தொடர்ந்து மாத்திரை சாப்பிட வைத்தவன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்குப் பையிலேயே மருந்து. மெல்லிய குழாய் வழியாக ஹெப்பாரின், மரப்பு மருந்தான லிக்னோகெய்ன், சோடா பைகார்பனேட் மூன்றையும் கலந்து விட்டு, அரை மணி நேரம் வைத்திருக்கச் சொல்வோம். வாரம் ஒரு முறை. சிலருக்கு அன்றைக்கே சுகம். சிலருக்கு ஒன்றும் இல்லை. யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று வரை எனக்குத் தெரியாது. பென்டோசான் என்ற காப்ஸ்யூலுக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது, இங்கேயும் வந்தது. மாசக்கணக்கில் தினம் மூன்று வேளை சாப்பிட வேண்டிய மருந்தின் விலையைக் கேட்டதும் பலர் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். 2018இல் அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு விழித்திரை கெடுவதாக அட்லாண்டாவில் கண் மருத்துவர்கள் எழுதினார்கள். வாங்க முடியாமல் போனவர்களை நினைத்து வருத்தப்பட்டது பாதியாகக் குறைந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் புத்தகம் ஒரு பட்டியலே தருகிறது: காப்பி, டீ, எலுமிச்சை, தக்காளி, மிளகாய், சோடா. கடல்புறத்தில் இதை அப்படியே படித்தால் எழுந்து போய்விடுவார்கள். “புளி இல்லாம மீன் கொழம்பா? நீங்க சைவமா டாக்டரம்மா?” பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி செய்தேன். இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்து. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவா. எதற்கு வலிக்கிறதோ அதுதான் உன் எதிரி, மற்றது உன் இஷ்டம். புளி பலருக்கு ஒன்றும் செய்யவில்லை. மாட்டிக்கொண்டது டீ. ஏலத்துக்குப் போகிறவர்களுக்கும் நைட் ஷிஃப்ட்காரர்களுக்கும் டீதான் சாப்பாடு, டீதான் தூக்கத்துக்கு மாற்று. அதை விடச் சொல்வது எளிதாக இருந்ததே இல்லை. பாதி கிளாஸ் என்று பேரம் பேசி முடிப்போம்.

இப்போது செல்போன் வீடியோக்களில் இடுப்புத் தசையை இறுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தும்மினால், இருமினால் கசிகிறவர்களுக்கு நல்ல பயிற்சி. மீன் கூடை தூக்கியே கருப்பை இறங்கினவர்களுக்கும் ஓரளவு உதவும். பை வலிக்காரிக்கு அது வேண்டாம். வருஷக்கணக்காக அடக்கி அடக்கி அவள் தசை ஏற்கெனவே இறுகிப்போயிருக்கிறது. விரலால் தொட்டாலே கத்துவாள். அவள் கற்றுக்கொள்ள வேண்டியது விடுவது. எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது ஒரு பிசியோதெரபி பெண். வயிறு நிறைய மூச்சு, தளர்ந்து குந்துவது, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்காருவது. செலவில்லாத வைத்தியம் என்பதால் பலருக்கு இதில் நம்பிக்கை வராது. ஊசி இல்லையா என்று கேட்பார்கள்.

ஆண்கள் வருவது வேறு காரணங்களுக்கு. கிழவர்கள் பிராஸ்டேட் வீங்கி முழுக்க அடைபட்ட பிறகுதான் வருவார்கள், அதுவும் மகன் தூக்கிக்கொண்டு. எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட்டுக்குக் காத்துக் கிடக்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்கள் கல்லோடு வருவார்கள். எஞ்சின் சூடு, வெயில், தண்ணீர் கிடையாது. ஓர் ஆளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சரக்கு இறக்குகையில் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நிரந்தரமாகக் குழாய் போட்டுச் சிறுநீர் சேரும் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். குழாய் அடைத்துக்கொள்ளும், குளிர் காய்ச்சல் வரும், சிறுநீர்ப்பையில் கல் வளரும், எடுப்பார்கள், மறுபடி வளரும். வீட்டில் நாற்றம் என்று பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை.

அமெரிக்காவில் ஜாக் லாப்பிடீஸ் என்ற மருத்துவர் 1972இல் ஒன்றைச் சொன்னார்: குழாய் கிருமியே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை, சுத்தமாக இருந்தால் போதும், நாலைந்து மணிக்கொரு முறை நோயாளியே விட்டுப் பையை முழுக்கக் காலி செய்துவிட்டுக் குழாயை எடுத்துவிட்டால், தேங்குவதால் வருகிற தொற்று குறையும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் டாக்டர்களே முகம் சுளித்தார்கள். கையுறை, தியேட்டர், டிரேயெல்லாம் இல்லாமல் வீட்டில், ஆளே தனக்குத்தானே குழாய் விடுவதா? துறைமுகக்காரரின் மனைவி முதலில் கற்றுக்கொண்டார். சோப்பு, கொதித்து ஆறிய தண்ணீர், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. ஒரு மாசத்தில் அவரே கடிகாரம் வைத்துச் செய்ய ஆரம்பித்தார். தொங்கின பை போயிற்று, காய்ச்சலும் அரிதாகிவிட்டது. தெருமுனை மன்றத்தில் கேரம் ஆடப் போய் உட்கார்ந்தார். நடக்க முடியாததைவிட அந்தப் பைதான் தன்னை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது என்று ஒருமுறை சொன்னார்.

“எல்லாம் இந்தக் காத்தாலதானே?” என்று ஆலைகளைக் காட்டிக் கேட்காதவர்கள் எண்ணூரில் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை வாளியால் அள்ளின பிள்ளைகள் தோல் எரிச்சலோடு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டி ஓடினார்கள். கண், தொண்டை, நெஞ்சு, தோல் பற்றியெல்லாம் நான் உறுதியாகப் பேசுவேன். பை வலிக்கும் அந்தக் காற்றுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொன்னால் கம்பெனிக்காரன் ஆளா என்று பார்ப்பார்கள். பரவாயில்லை.

புற்றுநோய் விஷயம் வேறு. 1895லேயே ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிலாளிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதைக் கண்டு எழுதினார். பீடியும் சிகரெட்டும் அதே வேலையைச் செய்கின்றன. தொழிற்பேட்டை ஆள், நாற்பது தாண்டியவர், ஒரே ஒரு தடவை வலியே இல்லாமல் ரத்தமாகப் போனது என்றால் அன்றைக்கே கேமராவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வலி இல்லை என்பதாலேயே வர மாட்டார்கள். வலியோடு ஓடி வருகிற பெண்களையோ ரத்தம் இல்லை என்பதாலேயே திருப்பி அனுப்புகிறோம்.

பந்தோபஸ்துக்கு நிற்கிற பெண் போலீஸ் ஒருத்தி எனக்குப் பல வருஷ நோயாளி. பெரிய தலைவர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாள். 2021 ஜூனில் முதலமைச்சர் போகிற சாலைகளில் பெண் போலீசாரை நிறுத்த வேண்டாம் என்று டிஜிபி உத்தரவு போட்டார். அந்த வாரம் சாக்லேட்டோடு வந்தாள். அதே வருஷம் கடைகளில் நிற்கிற ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கச் சட்டம் திருத்தினார்கள். டோக்கன் முறையைப் பற்றிச் சட்டம் வந்தால் எங்கள் டெய்லர் பெண்ணுக்கு நானே சாக்லேட் வாங்கிப் போவேன்.

மருந்தால் பையைப் பழையபடி ஆக்கிவிட முடியும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இருபது தடவையைப் பத்தாகக் குறைக்கலாம், ராத்திரி ஐந்தை இரண்டாக்கலாம் என்றுதான் பேச்சு. மார்க்கெட் வாசலில் கருவாடு விற்கிற ஒரு அம்மாள், என்னைவிட நாலு வயசு மூத்தவர், இதைக் கணக்காகவே வைத்திருந்தார். அங்கே கட்டணக் கழிப்பறை ஒன்று இருந்தது, அப்போது ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை என்றால் எழுபத்தைந்து. கருவாட்டில் அன்றைய லாபத்தில் பாதி அங்கேயே போகும். வாசலில் காசு வாங்குகிற ஆளிடம் பேசி மாசத்துக்கு ஒரு தொகை என்று முடித்துக்கொண்டிருந்தார். வைத்தியம் ஆரம்பித்து எட்டாவது மாசம் காலண்டர் தாள்களை எண்ணிப் பார்த்து, இனி மாசக் கட்டணம் நஷ்டம், தடவைக் கணக்கே லாபம் என்று மாற்றிக்கொண்டார். அந்த ஆளுக்கு ஒரே சந்தேகம். “இன்னா ஆயா, பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா கட்டிக்கிறானே, அவன்கிட்ட போறியா?” என்று சண்டைக்கு வந்தானாம். இல்லைப்பா, டாக்டர்கிட்ட போறேன் என்று சொன்னதை அவன் கடைசிவரை நம்பவில்லையாம்.